பனிக்கடலில் ஒரு ஜனத்தொகைக் கணக்கு!

வட துருவத்தில் மீனையும் பறவையையும் தேசங்கள் கூடி எண்ணுகின்றன. அந்தக் கணக்கு தவறினால் நமக்கு என்ன?

டிசம்பர் 31-ந் தேதி இரவு திருத்தணிக்குப் போயிருக்கிறீர்களா? மலையடிவாரத்தில் எள் போட்டால் எள் விழாது. அவ்வளவு கூட்டம்! பஜனைக் கோஷ்டிகள் ஒவ்வொரு படியிலும் நின்று பாடுகின்றன. மொத்தம் 365 படிகள். வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி. மஞ்சள், குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, ஒரு படியைக்கூட விடாமல் பூஜை செய்துகொண்டே மேலே ஏறுகிறார்கள்.

அதே இரவில், உலகத்தின் உச்சியில், வட துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் இருட்டில் மூழ்கிக் கிடக்கிறது. அங்கே அக்டோபர் கடைசியில் மறைந்த சூரியன் மறுபடி தலை காட்டுவது பிப்ரவரி மாதத்தில்தான். அந்த இருட்டிலும் ஒரு கணக்கு நடந்துகொண்டே இருக்கிறது. கடலில் உஷ்ணம் எவ்வளவு? உப்பு எவ்வளவு? எந்த மீன் வந்தது? எந்த மீன் போயிற்று?

இந்தக் கணக்கில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. நம் சென்னைக்கும் பங்கு உண்டு. ஆனால் 2022-ம் ஆண்டு முதல் அந்தக் கணக்குப் புத்தகத்தில் பல பக்கங்கள் காலியாகக் கிடக்கின்றன. இதனால் யாருக்கு நஷ்டம்? விஷயத்தை ஆதியிலிருந்து பார்ப்போம்.

சுரங்க ஊர், ஆராய்ச்சி ஊர் ஆன கதை

பூகோளப் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருத்தணி, பூமத்திய ரேகைக்கு வடக்கே 13-வது டிகிரியில் இருக்கிறது. விரலை அங்கிருந்து மேலே கொண்டு போங்கள். இமயமலையைத் தாண்டி, ருஷ்யாவையும் தாண்டி, சற்று மேற்கே திருப்புங்கள். 79-வது டிகிரியில் சில தீவுகள் தெரியும். அவைதான் ஸ்வால்பார்ட் தீவுகள். நார்வே தேசத்துக்குச் சொந்தமானவை. அங்கே உள்ள ஒரு சிற்றூரின் பெயர் நி-ஆலசுண்ட். அதற்கு மேல் சுமார் 1,200 கிலோ மீட்டர் போனால் வட துருவம்.

முன்பு அது நிலக்கரி வெட்டும் ஊர். 1962-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி சுரங்கத்துக்குள் பெரிய வெடி விபத்து நடந்தது. 21 தொழிலாளிகள் மாண்டார்கள். நார்வேயில் மந்திரி சபையே கவிழும் அளவுக்குக் கொந்தளிப்பு ஏற்பட்டது. சுரங்கம் மூடப்பட்டது. கரி வெட்டியவர்கள் போன இடத்துக்கு விஞ்ஞானிகள் வந்தார்கள்.

ஸ்வால்பார்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. 1920-ம் ஆண்டு பாரிஸ் நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. தீவுகள் நார்வேக்குச் சொந்தம். ஆனால் கையெழுத்திட்ட நாட்டவர் எல்லோருக்கும் அங்கே போய்வரவும் தொழில் செய்யவும் சம உரிமை உண்டு என்பது அதன் சாரம். அன்று நம்மை ஆண்ட பிரிட்டிஷார் இந்தியாவின் சார்பிலும் கையெழுத்துப் போட்டார்கள். ஆகவே நமக்கும் அந்தப் பனித்தீவுக்கும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொடர்பு இருக்கிறது!

2007-ம் ஆண்டு முதல் இந்திய விஞ்ஞானிகள் குழு அங்கே போயிற்று. 2008-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி இந்தியாவின் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அதன் பெயர் "ஹிமாத்ரி". பனிமலை என்று பொருள். எட்டுப் பேர் தங்கி வேலை செய்யக்கூடிய வீடு. 2023-ம் ஆண்டு டிசம்பர் முதல், சூரியன் இல்லாத குளிர் காலத்திலும் நம்மவர்கள் அங்கே தங்க ஆரம்பித்தார்கள்.

பள்ளிக்கரணையிலிருந்து பனிக்கடலுக்கு

அந்த ஊருக்கு எதிரே கடல், மலைகளுக்கு நடுவே நீளமாகப் புகுந்து கிடக்கிறது. அதை ராஜாவின் கடற்கால் என்று பொருள்படும்படி நார்வேக்காரர்கள் அழைக்கிறார்கள். தெற்கேயிருந்து வரும் அட்லாண்டிக் சமுத்திரத்தின் இளஞ்சூட்டு நீரும், வடக்கே இருந்து வரும் குளிர்ந்த நீரும் அங்கே சந்திக்கின்றன. அதனால், உலகம் சூடாவதை முதலில் காட்டிக்கொடுக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

2014-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி அந்தக் கடற்காலில் ஓர் இந்திய யந்திரம் இறக்கப்பட்டது. பெயர் "இண்டார்க்". அதைத் தயாரித்ததில் முக்கியப் பங்கு சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்கு. கோவாவில் உள்ள துருவ ஆராய்ச்சி மையம் உடன் உழைத்தது. கடலில் இறக்கியது நார்வேயின் கப்பல். பாருங்கள், ஒரு யந்திரத்தை இறக்கவே இரண்டு தேசங்கள் வேண்டியிருந்தது!

யந்திரம் என்றதும் பெரிய தொழிற்சாலையை நினைக்க வேண்டாம். கீழே கனமான நங்கூரம். மேலே மிதவை. நடுவே நீண்ட கயிறு. கயிற்றில் இடைவெளி விட்டுக் கருவிகளைக் கட்டியிருக்கிறார்கள். கடலின் ஆழம் அங்கே 192 மீட்டர். அறுபது மாடிக் கட்டடத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உஷ்ணம், உப்பு, நீரோட்டம், நீரில் கரைந்த பிராணவாயு, பாசியின் பச்சையம் ஆகியவற்றைக் கருவிகள் அளந்து பதிவு செய்கின்றன. ஒரு வருஷம் போனதும் யந்திரத்தை மேலே எடுத்துப் பதிவுகளைப் படிக்கிறார்கள்.

முன்பெல்லாம் கோடையில்தான் விஞ்ஞானிகள் கடலை அளந்தார்கள். குளிர் காலத்தில் என்ன நடக்கிறது என்பது மூடிய பெட்டி. கடலுக்குள் விட்டுவைத்த கருவிகள் அந்தப் பெட்டியைத் திறந்தன.

எண்ணியதில் கண்டது என்ன?

நீரை அளந்தால் போதுமா? அதில் வாழும் ஜீவராசிகளை எண்ண வேண்டாமா? அந்த வேலையும் நடக்கிறது. நார்வே, போலந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என்று பல தேசத்தவரும் அதே கடற்காலில் வலை வீசியும், முக்குளித்தும் எண்ணுகிறார்கள். அவர்கள் கண்டவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, அரிசிமணியைவிடச் சிறிய ஒரு பூச்சி. இறால் வகையைச் சேர்ந்தது. வடகடலுக்கே உரிய பூச்சி பெரியது, உடம்பு நிறையக் கொழுப்பு. தெற்கேயிருந்து வரும் அதன் பங்காளி சிறியது, கொழுப்பும் குறைவு. கடல் சூடாகச் சூடாகச் சின்னப் பங்காளியின் கை ஓங்குகிறது. அதனால் என்ன என்கிறீர்களா? இந்தப் பூச்சியைத் தின்று வாழும் ஒரு சிறு கடற்பறவை உண்டு. குஞ்சு வளர்க்கும் காலத்தில் அதற்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 60,000 பூச்சிகள் தேவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சத்தில்லாத பூச்சியாக இருந்தால் இன்னும் எத்தனை தடவை கடலுக்கும் கூட்டுக்கும் பறக்க வேண்டும்! கலப்பட அரிசி வாங்கிய குடும்பத்தின் கதிதான் அதற்கும்.

இரண்டாவது, நீலச் சிப்பி. ஸ்வால்பார்டில் இது அற்றுப்போய் ஏறத்தாழ ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. 2004-ம் ஆண்டு மறுபடி உயிரோடு கண்டெடுத்தார்கள். கடல் சூடாகிறது என்பதற்கு அது நேரில் வந்து சாட்சி சொல்வதுபோல் இருந்தது.

மூன்றாவது, தந்தம்போல் வெண்மையான ஒரு கடற்காகம். பனிக்கட்டியை விட்டு அதிக தூரம் போகாத பறவை. கானடாவில் 1980-களில் இருந்ததைப் பார்க்க, 2000-களின் ஆரம்பத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது! கானடா, கிரீன்லாந்து, நார்வே, ருஷ்யா என்று நான்கு இடங்களில் அது குஞ்சு பொரிக்கிறது. மிகப் பெரும்பாலானவை ருஷ்யாவில். ஆகவே ஒரு தேசம் மட்டும் எண்ணினால் விடை கிடைக்காது. நான்கும் சேர்ந்து எண்ணினால்தான், பறவை அழிகிறதா, இடம்தான் மாறுகிறதா என்று தெரியும்.

எட்டு வீட்டுப் பங்காளிகள்

ஆர்க்டிக் வட்டாரத்தில் நிலம் உள்ள தேசங்கள் எட்டு. அமெரிக்கா, ருஷ்யா, கானடா, நார்வே, டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து. 1996-ம் ஆண்டு இவை கூடி "ஆர்க்டிக் கவுன்சில்" என்ற சபையை அமைத்தன. அங்கேயே பரம்பரையாக வாழும் ஆதிகுடிகளின் ஆறு அமைப்புகளுக்கும் அதில் நிரந்தர இடம் உண்டு. 2013-ம் ஆண்டு மே மாதம் இந்தியாவுக்குப் பார்வையாளர் ஸ்தானம் கிடைத்தது. பேச்சைக் கேட்கலாம், ஆராய்ச்சியில் கைகொடுக்கலாம், ஓட்டு இல்லை.

அந்தச் சபையின் ஒரு பிரிவுதான் ஜீவராசிகளின் கணக்கை ஒழுங்குபடுத்துகிறது. பனியில் வாழ்பவை, மிதக்கும் நுண்ணுயிர்கள், கடலடியில் வாழ்பவை, மீன்கள், கடற்பறவைகள், திமிங்கலம் போன்ற பாலூட்டிகள் என்று ஆறு வகையாகப் பிரித்தார்கள். ஆளுக்கு ஒரு படி, ஆளுக்கு ஒரு மரக்கால் என்று அளந்தால் கூட்டிப் பார்க்க முடியுமா? எல்லோரும் ஒரே விதமாக எண்ண வேண்டும் என்று 2011-ம் ஆண்டு திட்டம் போட்டார்கள். 2017-ம் ஆண்டு ஆர்க்டிக் கடல் முழுவதற்குமான அறிக்கை வெளிவந்தது. தெற்கத்தி ஜீவன்கள் வடக்கே ஏறுகின்றன. பனியை நம்பிய ஜீவன்கள் ஒடுங்குகின்றன என்பதே அதன் சுருக்கம்.

ஆதிகுடிகளுக்கு எதற்கு இடம் என்று சிலர் கேட்கலாம். அதற்கு ஒரு கதை சொல்கிறேன். உண்மைக் கதை. அலாஸ்காவில் இனுபியாட் மக்கள் பரம்பரையாக ஒரு வகைத் திமிங்கலத்தை வேட்டையாடி வந்தார்கள். 1977-ம் ஆண்டு சர்வதேசத் திமிங்கலக் கமிஷன், "திமிங்கலம் மிகக் குறைந்துவிட்டது, வேட்டையை நிறுத்து" என்றது. "நீங்கள் திறந்த நீரில் மட்டும் எண்ணுகிறீர்கள். பனிக்கட்டிக்கு அடியிலும் அவை போகின்றனவே!" என்றார்கள் வேட்டைக்காரர்கள். விஞ்ஞானிகள் நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவிகளை வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத திமிங்கலங்கள் பனிக்கு அடியில் பாடிக்கொண்டு போனது கேட்டது. வேட்டைக்காரர்கள் சொன்னதே சரி! படிப்பும் அனுபவமும் கைகோத்தபோதுதான் கணக்கு நேரானது.

கணக்கில் விழுந்த ஓட்டை

இப்படி நடந்துவந்த வேலைக்கு 2022-ம் ஆண்டு இடி விழுந்தது. பிப்ரவரியில் ருஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. மார்ச் மாதம் மற்ற ஏழு தேசங்களும் கவுன்சிலின் வேலையிலிருந்து விலகி நின்றன. ஜூன் மாதம், ருஷ்யா கலந்துகொள்ளாத வேலைகளை மட்டும் திரும்பத் தொடங்கின. 2023-ம் ஆண்டு மே மாதம் தலைமைப் பதவி ருஷ்யாவிடமிருந்து நார்வேக்கு வந்தது. 2024-ம் ஆண்டு பிப்ரவரியில், நேரில் சந்திக்காமல் கணினித் திரை வழியாக எட்டுப் பேரும் வேலைக் குழுக் கூட்டங்களில் கலந்துகொள்ள ஏற்பாடாயிற்று. 2025-ம் ஆண்டு மே மாதம் தலைமை டென்மார்க்குக்குப் போனது.

படையெடுப்பை யாரும் நியாயம் என்று சொல்ல முடியாது. அண்டை வீட்டான் வேறொரு வீட்டில் புகுந்து அடிக்கும்போது, அவனோடு பழையபடி விருந்து சாப்பிட முடியாது என்று ஏழு தேசங்களும் நினைத்ததில் தவறில்லை. ஆனால் படத்தை மறுபடி பாருங்கள். ஆர்க்டிக் சமுத்திரத்தின் கரையில் சரிபாதிக்கு மேல் ருஷ்யாவுடையது. அந்தக் கரையின் கணக்கு வராவிட்டால் மொத்தக் கணக்கில் பாதி போய்விடும். வெள்ளைக் கடற்காகம் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று யார் சொல்வது?

இங்கே ஒன்றை மனதில் வைக்க வேண்டும். கடை வரவு செலவை ஒரு மாதம் எழுதாவிட்டால் ரசீதைப் பார்த்துப் பிறகு எழுதிவிடலாம். கடலில் அது முடியாது. 2022-ம் ஆண்டு எண்ணாத மீனை 2026-ம் ஆண்டு எண்ண முடியுமா? போன வருஷம் போனதுதான்.

சண்டையிலும் நிற்காத தராசு

"பகையாளியோடு சேர்ந்து எப்படி எண்ணுவது?" என்று கேட்கலாம். எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். நார்வேயும் ருஷ்யாவும் பாரண்ட்ஸ் கடலைப் பங்கு போட்டுக்கொண்டவை. 1970-களின் நடுவிலிருந்து இரு நாட்டுக் கூட்டு மீன்பிடிக் கமிஷன் நடந்து வருகிறது. பெரிய வல்லரசுகள் முறைத்துக்கொண்டிருந்த காலத்திலும் அது நிற்கவில்லை. 2022-க்குப் பிறகும் நிற்கவில்லை.

காட் என்னும் மீன் அங்கே இரு நாட்டவருக்கும் சோறு போடுகிறது. எண்ணிப் பார்த்ததில் மீன் குறைந்திருந்தது. உடனே 2025-ம் ஆண்டுக்குப் பிடிக்கக்கூடிய அளவை 3,40,000 டன்னாகக் குறைத்தார்கள். முந்திய வருஷத்தைவிட நான்கில் ஒரு பங்கு வெட்டு. 1991-ம் ஆண்டுக்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்த அளவை நிர்ணயித்ததில்லை. மீனவர்களுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. காரணம், கணக்கு இருவருடைய கையாலும் எழுதப்பட்டது.

எண்ணாமல் பிடித்தால் என்ன ஆகும்? அதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவுக்கும் ருஷ்யாவுக்கும் நடுவே பேரிங் கடலில், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு நடுப்பகுதி இருக்கிறது. அங்கே பல தேசத்துக் கப்பல்களும் புகுந்து பொல்லாக் என்னும் மீனை அள்ளின. 1989-ம் ஆண்டு சுமார் 14 லட்சம் டன் கிடைத்தது. 1992-ம் ஆண்டு சுமார் 10,000 டன்தான்! மூன்றே வருஷத்தில் கடல் காலி. பிறகு ஒப்பந்தம் போட்டுத் தடுத்தார்கள். மீன் பழையபடி திரும்பவில்லை.

அந்தச் சூடு ஒரு பாடம் கற்றுக் கொடுத்தது. வட துருவத்தைச் சுற்றி 28 லட்சம் சதுர கிலோ மீட்டர் பொதுக்கடல் இருக்கிறது. நம் தேசத்தைவிடச் சற்றே சிறியது. பனி மூடிக் கிடந்ததால் அங்கே யாரும் வியாபாரத்துக்கு மீன் பிடித்ததில்லை. பனி உருகினால் கப்பல்கள் வருமே! ஆகவே 2018-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி, அமெரிக்கா, ருஷ்யா, சீனா, ஜப்பான் உட்படப் பத்துத் தரப்பினர் ஒப்பந்தம் செய்தார்கள். குறைந்தது 16 வருஷம் அங்கே வியாபார மீன்பிடிப்பு கூடாது. முதலில் கூட்டாக ஆராய வேண்டும் என்பது நிபந்தனை. 2021-ம் ஆண்டு ஜூன் மாதம் அது அமலுக்கு வந்தது. திருடன் வருவதற்கு முன்பே கதவுக்குத் தாழ் போட்ட காரியம் இது. உலகத்தில் இப்படி நடப்பது அபூர்வம்!

நமக்கு என்ன லாபம்?

"நம் ஊரில் குடிக்கத் தண்ணீருக்கே வரிசை. துருவத்தில் பூச்சி எண்ணுவதற்கு ஏன் பணம்?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மூன்று பதில் உண்டு.

ஒன்று, மழை. ருஷ்யாவின் வடக்கே காரா கடல் இருக்கிறது. கோடையில் அங்கே பனி குறைவதற்கும், மத்திய இந்தியாவில் செப்டம்பர் மாதம் கொட்டும் பேய்மழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று கோவா மையத்து விஞ்ஞானிகள் 2021-ம் ஆண்டு ஆராய்ந்து எழுதினார்கள். அங்கே உருகுவது இங்கே விளைந்த பயிரின்மேல் கொட்டுமானால், அதை முன்கூட்டி அறிவது நஷ்டமா?

இரண்டு, பறவை. திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பழவேற்காடு ஏரி இருக்கிறது. பனிக்காலத்தில் அங்கே போனால், சேற்றில் ஓடி ஓடிப் பூச்சி பொறுக்கும் சின்னஞ்சிறு பறவையைப் பார்க்கலாம். கொசு உள்ளான் என்று பெயர். சிட்டுக்குருவி அளவுதான். அது பிறந்தது எங்கே? நார்வே, ருஷ்யா நாடுகளின் வட கோடியில், ஆர்க்டிக் கரையில்! அங்கே அதன் கூடு கெட்டால் இங்கே ஏரி வெறிச்சோடும். இங்கே ஏரி கெட்டால் அங்கே கூடு காலியாகும். இத்தகைய பறவைகளுக்காக ஆர்க்டிக் கவுன்சில் தனித் திட்டமே வைத்திருக்கிறது.

மூன்று, கைத்தொழில். பனிக்கடலில் ஒரு வருஷம் கெடாமல் நிற்கும் யந்திரத்தைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு வங்காள விரிகுடா பெரிய காரியமா? அங்கே கற்ற வித்தை இங்கே புயலையும் அலையையும் அளக்க உதவும்.

இந்தியா 2022-ம் ஆண்டு மார்ச் மாதம் ஆர்க்டிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. விஞ்ஞானமும் சர்வதேச ஒத்துழைப்பும் அதில் முக்கிய அம்சங்கள். நமக்கு ருஷ்யாவும் சிநேகம், நார்வேயும் சிநேகம். இரு பக்கமும் பேசக்கூடிய தேசங்கள் இன்று அதிகமில்லை. இந்தச் சௌகரியத்தை எண்ணெய், கப்பல் பாதை என்று பேரம் பேசுவதற்கு மட்டும் பயன்படுத்தினால் போதாது. காலியாகக் கிடக்கும் கணக்குப் பக்கங்களை நிரப்பவும் பயன்படுத்த வேண்டும். காரா கடலின் கணக்கு நமக்கும் வேண்டிய கணக்கல்லவா?

திருத்தணி சொல்லும் பாடம்

எல்லைத் தகராறு என்றால் என்ன என்று திருத்தணிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மொழிவாரி மாகாணம் பிரிந்தபோது, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்திருந்தது இந்த ஊர். ம. பொ. சிவஞானம் முதலியோர் போராடினார்கள். பட்டாஸ்கர் தீர்ப்புக்குப் பிறகு, 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது.

எல்லைக்கோடு போட்டாயிற்று. ஆனால் ஆறு கோட்டைப் பார்த்தா ஓடுகிறது? ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்தால், வெள்ளம் எல்லை தாண்டிப் பள்ளிப்பட்டுப் பக்கம் வருகிறது. அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று அந்தப் பக்கம் சொன்னால்தான், இந்தப் பக்கம் கரையோர ஜனங்கள் ஆடுமாட்டை மேட்டுக்கு ஓட்ட முடியும். இரண்டு சர்க்காருக்கும் ஆயிரம் வழக்கு இருக்கலாம். அணையின் அளவைச் சொல்வது மட்டும் நிற்கக் கூடாது. நின்றால் உயிர் போகும்.

பழவேற்காடு ஏரியும் அப்படியே. பெரும் பகுதி ஆந்திராவில், சிறு பகுதி நம்மிடம். கொசு உள்ளான் இரு பக்கமும்தான் மேய்கிறது. ஒரு பக்கம் மட்டும் எண்ணி, பறவை குறைந்தது, கூடியது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஒரு ஆற்றுக்கும் ஒரு ஏரிக்கும் உள்ள நியாயம்தான் வட துருவக் கடலுக்கும். தேசங்கள் கோபித்துக்கொள்ளலாம், கைகுலுக்க மறுக்கலாம். அளவைச் சொல்வதை மட்டும் நிறுத்தக் கூடாது.

அடுத்த முறை திருத்தணி மலை ஏறும்போது உங்கள் குழந்தை படிகளை எண்ணும். எண்ணட்டும். பாதியில் தப்பினால் கீழே இறங்கி முதல் படியிலிருந்து மறுபடி எண்ணிவிடலாம். கடலின் படிகளுக்கு அந்த வசதி கிடையாது என்பதையும் குழந்தைக்குச் சொல்லி வையுங்கள்.